'டீடூர்' ஆல் ராபர்ட்ஸ்: விதியா, அவன் குணமா? ஒரு காட்சி வேண்டும்

எங்கள் சினிமா வட்டத்தில் அடுத்த வாரம் எட்கர் ஜி. உல்மரின் 'டீடூர்' (1945) பற்றி நான் பேச வேண்டும், ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். ஆல் ராபர்ட்ஸ் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு லிஃப்ட் கேட்டுப் போகிறான், வழியில் மழை, காரின் கூரையை மூடலாம் என்று நிறுத்திக் கதவைத் திறந்தால் லிஃப்ட் கொடுத்த ஹாஸ்கெல் சரிந்து விழுந்து தலை கல்லில் மோதுகிறது. எல்லாம் விதி என்கிறான். சரி, அதுவரை விதி என்றே வைத்துக்கொள்வோம். செத்தவன் சட்டையை மாட்டிக்கொண்டு, பணத்தையும் எடுத்துக்கொண்டு அதே காரில் கிளம்பியது யார்? அப்புறம் வெரா என்ற பெண்ணை யாரும் கேட்காமலே ஏற்றிக்கொள்வது?

அவன் பின்னணிக் குரல் இல்லாமல் காட்சி மட்டும் என்ன சொல்கிறது என்று சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தேன், பலனில்லை. படமே அவன் சொல்லும் கதை, அவனை மறுக்க அதில் வேறு சாட்சி கிடையாது. கடைசியில் போலீஸ் கார் வருவதையும் ஆதாரமாக எடுக்க முடியாது, குற்றவாளி தப்பக் கூடாது என்பது அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதி. 'டபுள் இண்டெம்னிட்டி' (1944) பக்கம் போனால், அதன் நாயகன் வால்டர் நெஃப் பணத்துக்கும் பெண்ணுக்கும் ஆசைப்பட்டுத்தான் கொன்றேன் என்று அவனே ஒலிப்பதிவுக் கருவியில் சொல்லிவிடுகிறான். 'அவுட் ஆஃப் த பாஸ்ட்' (1947) நாயகனும் தன் தப்பு தெரிந்தவன். எனக்கு வேண்டியது ராபர்ட்ஸ் மாதிரி புலம்பல் பேர்வழி.

1940, 50களின் நுவார் (இருண்ட குற்றக்கதை) படங்களில், நாயகன் விதியைப் பழிக்கும்போதே அவனுக்கு வேறு வழி இருந்தது என்று கேமரா காட்டிக்கொடுக்கும் காட்சி எந்தப் படத்தில் இருக்கிறது?