நிலாவெளிக் காணிக்குக் காசு போட ஆள் பிடிப்பது எப்படி?

புறாத்தீவு கேட்டது:
திருகோணமலை நிலாவெளி வீதிக்கு மேற்கால 80 பேர்ச்சஸ் (அரை ஏக்கர்) உறுதிக் காணி (பத்திரம் உள்ள தனியார் காணி). பேசின விலை 120 இலட்சம். துண்டு போட்டு விற்கிற யோசனை. கையில் 30தான் இருக்கு. கனடாவில் இருக்கிற சித்தப்பா விலையில் பாதி போடத் தயார். மிச்சத்துக்கு "மாதம் 3 வீதம் தருவோம்" என்று ஃபேஸ்புக்கில் போட்டால் ஆட்கள் வருவாங்களா?

உவர்மலையான்:
வருவாங்க, பின்னால வழக்கும் வரும். முன்பின் தெரியாதவர்களிடம் வட்டி சொல்லிக் காசு திரட்ட உரிமம் வேணும் தம்பி. 2011ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க நிதித்தொழில் சட்டத்தைப் பாருங்க.

அதை விடக் கணக்கே பிழை. முத்திரைத் தீர்வை முதல் இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம்: 4,79,000. காணி விலையோடு நொத்தாரிசு (உறுதி எழுதுபவர்) கூலி, நில அளவை, பிளான் அனுமதி, கிரவல், வேலி எல்லாம் சேர்த்து 135 இலட்சம் என்று வைங்க. பாதைக்கும் வடிகாலுக்கும் 12 பேர்ச்சஸ் போனால் விற்க மிஞ்சுவது 68. 135ஐ 68ஆல் பிரித்தால், பேர்ச்சஸ் கிட்டத்தட்ட 2 இலட்சத்துக்குக் கீழே போனால் நட்டம். காசுக்காரர் முதலில் கேட்கப்போவது இந்த 2 இலட்சத்தைத்தான். அந்தப் பக்கம் அண்மையில் போன விலைகளோடு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்க.

கணக்குப்பிள்ளை:
சித்தப்பாவிடம் கனடாக் கடவுச்சீட்டு மட்டும்தானா, இரட்டைப் பிரஜாவுரிமையும் இருக்கா? இல்லையென்றால் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி அவர் பேருக்கு உறுதி எழுத ஏலாது. கம்பனி திறந்தாலும் வெளிநாட்டார் பங்கு 50 வீதத்தைத் தொடக்கூடாது, அதனால் சரிபாதியும் சரிவராது. உங்கள் பேரில் எழுதி "நம்பிக்கைக்கு" விட்டால் நாளை அவரிடம் காட்ட ஒரு துண்டுக் கடுதாசியும் இருக்காது. கம்பனிப் பங்கு என்றால் காசை உள்முக முதலீட்டுக் கணக்கு (வெளிநாட்டு முதலீட்டுக்கென்று வங்கியில் திறப்பது) வழியாக வரச்செய்யுங்க, அப்பதான் இலாபத்தைத் திருப்பி அனுப்பலாம்.

இங்குள்ள ஆட்களை உறுதியில் கூட்டாகப் போட்டால் ஒவ்வொரு துண்டுக்கும் எல்லாருடைய கையெழுத்தும் வேணும். ஒருவர் முறுக்கிக்கொண்டு பாகப்பிரிவினை வழக்குப் போட்டால் அது தீரும் வரை வியாபாரம் படுத்திடும். மூன்று நான்கு பேருக்குக் கம்பனிதான் வசதி.

அலஸ்தோட்டம்:
காணிக்காரரையே கூட்டாளி ஆக்கலாமே? 30 இலட்சத்தை முற்பணமாகக் கொடுங்க. துண்டு விற்க விற்க மிச்சம் அவருக்கு, உறுதி அவரிடமிருந்து நேரே வாங்குபவருக்கு. முத்திரைத் தீர்வை ஒரே தரம்தான். முற்பணத்துக்குப் பிணையாக முதல் இரண்டு துண்டைக் கேளுங்க. ஒப்பந்தம் நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சியோடு. அன்றைக்கே காணிப் பதிவகத்தில் பதியுங்க. பிந்தினால் அவர் வேறிடத்தில் ஈடு வைத்திருப்பார்.

புறாத்தீவு:
நன்றி அண்ணை. கேட்டுப் பார்க்கிறேன். ஆனால் காணிக்காரர் வெள்ளிக்கிழமைக்குள் 5 இலட்சம் அட்வான்ஸ் கேட்கிறார்.

அலஸ்தோட்டம்:
பதிவகத்தில் 30 வருஷப் பதிவு பார்க்காமல் சல்லிக்காசு கொடுக்காதீங்க. 1990இல் இடம்பெயர்ந்து போன உடன்பிறப்பு யாரும் கையெழுத்து வைக்காமல் விடுபட்டிருக்கா என்று பாருங்க, இங்க அதுதான் அடிக்கடி வாற சிக்கல். காணி கடலில் இருந்து 300 மீற்றருக்குள் என்றால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேணும். அவசரப்படுத்தினால் "பதிவு சரியில்லையென்றால் திருப்பித் தரப்படும்" என்று எழுதி வாங்கிக்கொண்டு ஐம்பதாயிரம் கொடுங்க, கூட வேண்டாம்.