வில்லோ உயிர்வேலி கருகுது, அவசரம்

வேலியோரம்:
வணக்கம். வில்லோ மரக் குச்சி வாங்கி வேலியா நட்டேன். நல்லாத் துளிர்த்தது. இப்போ இலை சுருண்டு நுனியிலிருந்து கருகுது. தண்ணி விட்டுட்டுதான் இருக்கேன். என்ன மருந்து அடிக்கலாம்?

மண்வெட்டி:
எந்த ஊர்? எந்த மாதம் நட்டீர்கள்? குச்சி எவ்வளவு நீளம், அதில் மண்ணுக்குள் எவ்வளவு?

ஈரக்கால்:
துரு நோய்தான். இலையைத் திருப்பிப் பாருங்கள், அடியில் ஆரஞ்சு நிறப் பொடி இருக்கும். விமினாலிஸ் என்ற வில்லோ இனம் ஒன்றையே வரிசையாக நட்டால் வேகமாகப் பரவும். உதிர்ந்த இலையைக் கூட்டி அப்புறப்படுத்துங்கள்.

படலை:
போத்தை, அதாவது நடுகுச்சியை, தலைகீழாக நட்டிருப்பார். மொட்டு மேல்நோக்கி இருக்க வேணும்.

கவாத்து:
துரு புள்ளி புள்ளியாக வந்து இலையை உதிர்க்கும், நுனியிலிருந்து கருக்காது. தலைகீழாக வைத்தாலும் வில்லோ வேர் விடும், வளர்ச்சிதான் மந்தம். பருவம் தவறி நட்ட போத்து பற்றி இந்த மன்றத்திலேயே எத்தனை இழை இருக்கிறது! தேடிப் படிக்கிற பழக்கம்தான் யாருக்கும் இல்லை.

வேலியோரம்:
லண்டன், ஹாரோ. ஏப்ரல் கடைசில நட்டேன். ஆளுயரக் குச்சி, அரைச் சாண் உள்ளே. ஆரஞ்சுப் பொடி இல்லை. சுத்தி புல்தரை.

மண்வெட்டி:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். மருந்து எதுவும் வேண்டாம். வில்லோ போத்து தண்டில் சேர்த்து வைத்த சத்தைக் கொண்டே துளிர்த்துவிடும். துளிர் வந்ததாலேயே வேர் பிடித்துவிட்டது என்று எண்ணக்கூடாது. இலை விரிந்ததும் தண்ணீர்த் தேவை ஏறும், கீழே உறிஞ்ச வேர் இருக்காது. உங்களுடையது ஆளுயரம், மண்ணுக்குள் அரைச் சாண், போதாததற்குப் புல். முதல் வருடம் வில்லோவை அதிகம் கொல்வது புல்தான்.

நகத்தால் பட்டையைக் கீறுங்கள். உள்ளே பச்சையாக ஈரம் இருந்தால் உயிர் இருக்கிறது. அதைத் தரையிலிருந்து 30 செ.மீ. விட்டு வெட்டுங்கள். மனசு வராதுதான், ஆனால் இலை குறைந்தால்தான் அடிப்பாகம் பிழைக்கும். இரண்டு பக்கமும் அரை மீட்டர் புல்லைச் செதுக்கி, மண்ணை நன்றாக நனைத்து, மரச்சில்லு மூடாக்கு 8 செ.மீ. போடுங்கள், தண்டில் ஒட்டாமல். வாரம் இரண்டு முறை மீட்டருக்கு 10 லிட்டர் தண்ணீர். தினமும் மேலோட்டமாகத் தெளித்தால் பயனில்லை. உரம் இப்போது வேண்டாம்.

செத்த இடங்களைக் குளிர்காலத்தில் நிரப்பலாம். இலை உதிர்ந்த நவம்பரிலிருந்து மொட்டு விரியுமுன் மார்ச் வரை காலம். பென்சில் முதல் கட்டைவிரல் தடிமன் வரை, 30 செ.மீ. போத்து, இரண்டு மூன்று மொட்டு மட்டும் வெளியே. இடைவெளியும் 30 செ.மீ. நெட்டைக் குச்சிதான் வேண்டுமென்றால் கம்பியால் துளை போட்டு 30 செ.மீ.யாவது இறக்கி, மிதித்து இறுக்குங்கள்.

படலை:
ஹாரோ என்றால் லண்டன் களிமண். வில்லோ தண்ணீரை உறிஞ்சினால் அது சுருங்கும். வீட்டுச் சுவரிலிருந்து எவ்வளவு தூரம்? 1976 வறட்சியில் களிமண் சுருங்கி எத்தனை வீட்டுச் சுவர் விரிசல் விட்டது! பிடுங்கிப்போட்டு ஹார்ன்பீம் மரத்தை வேலியாக வையுங்கோ.

கவாத்து:
அதெல்லாம் வெட்டாமல் விட்ட பெருமரங்களுக்கு. வருடாவருடம் குளிர்காலத்தில் ஒட்ட வெட்டும் வேலி அவ்வளவு தண்ணீர் குடிக்காது.

படலை:
இரண்டு வருசம் வெட்டாமல் விட்டால்? விமினாலிஸ் ஒரே வருசத்தில் 2 மீட்டருக்கு மேலே போகும். வீடு கட்டுவோருக்கான என்.எச்.பி.சி. வழிகாட்டியிலேயே வில்லோ அதிகம் தண்ணீர் குடிக்கும் மர வரிசையில்தான் இருக்கு.

ஈரக்கால்:
நல்ல கழிவுநீர்க் குழாயை வேர் உடைக்காது. மூட்டுக் கசியும் பழைய சுட்டமண் குழாய் என்றால் புகுந்து அடைத்துவிடும். குழாயிலிருந்தும் சுவரிலிருந்தும் 10 மீட்டராவது தள்ளி வையுங்கள்.

கவாத்து:
ஹாரோவில் 10 மீட்டர் தள்ளினால் பக்கத்து வீட்டுத் தோட்டத்தில்தான் நட வேண்டும். பர்புரியா இனம் வையுங்கள், விமினாலிஸ் அளவு முரட்டு வளர்ச்சி இல்லை. பட்டை கசப்பு என்பதால் முயலும் அதிகம் கடிக்காது.

படலை:
பர்புரியாவும் வில்லோதானே!

வேலியோரம்:
ரெண்டைப் பிடுங்கிப் பார்த்தேன், அடியில வேரே இல்லை. மத்ததை வெட்டிட்டேன். நன்றி.

மண்வெட்டி:
இனிப் பிடுங்கிப் பார்க்காதீர்கள், வரும் புதுவேரும் அறும். புல்லை எடுத்தாச்சா?

படலை:
குழாய் எந்தப் பக்கம் ஓடுது என்று இன்னும் சொல்லவில்லையே?