ஹரோவில் 1930களில் கட்டிய வீட்டுக்கு இரட்டைக் கண்ணாடி யன்னல்கள்: எவ்வளவு கொடுப்பது நியாயம்?

ஹரோவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். லண்டனின் வடமேற்கே ஹரோவில், 1930களில் கட்டப்பட்ட, ஒரு பக்கச் சுவர் அடுத்த வீட்டோடு ஒட்டிய செமி டிட்டாச்டு வீடொன்றில் நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என் அம்மாவுமாக ஐந்து பேர் வசிக்கிறோம். முன்னைய உரிமையாளர் 1990களில் போட்ட வெள்ளை யூபிவிசி (பிளாஸ்டிக்) இரட்டைக் கண்ணாடி யன்னல்களே இன்னும் இருக்கின்றன. மொத்தம் ஒன்பது யன்னல்கள். அவற்றில் இரண்டு, வரவேற்பறையிலும் அதற்கு நேர்மேலே உள்ள படுக்கையறையிலும் முன்தள்ளி நிற்கும் பே யன்னல்கள். நான்கு யன்னல்களில் இரு கண்ணாடிகளுக்கும் நடுவே ஈரம் படிந்து, வெளியே தெரியாதபடி மங்கிவிட்டது. அம்மா படுக்கும் பின்னறையில் குளிர்காலக் காலைகளில் யன்னலடியில் தண்ணீர் தேங்குகிறது. திரைச்சீலைக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சணமும் பிடித்திருக்கிறது. அவருக்கு இளைப்பு இருப்பதால் இன்னொரு குளிர்காலத்தை இப்படிக் கழிக்க எனக்கு மனமில்லை.

மூன்று இடங்களில் விலை கேட்டேன். முதலாவது நிறுவனத்தின் விற்பனையாளர் 14,200 பவுண் என்று தொடங்கி, அன்றிரவே கையெழுத்திட்டால் 9,900 பவுணுக்குச் செய்து தருவதாகச் சொன்னார். உள்ளூர் நிறுவனமொன்று வற் (பெறுமதி சேர்) வரியுடன் 7,800 பவுண் என்று எழுத்தில் தந்தது. தனியாக வேலை செய்யும் ஒருவர் 6,300 பவுண் கேட்கிறார். ஆனால் சான்றிதழ் பற்றிக் கேட்டபோது தெளிவாகப் பதில் சொல்லவில்லை. ஒரே வீட்டுக்கு இவ்வளவு வேறுபாடு எதனால் வருகிறது? எரிவாயுக் கட்டணம் குறைந்து இந்தச் செலவை ஈடுசெய்யும் என்று விற்பனையாளர் சொல்வதை நம்பலாமா?

யன்னல்தச்சன் எழுதியது:

வணக்கம் தம்பி. 22 ஆண்டுகளாக யன்னல் பொருத்தும் வேலை செய்பவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்கிறேன்: உங்கள் வீட்டில் இருப்பவை இரண்டு வெவ்வேறு குறைகள். கண்ணாடிகளுக்கு நடுவே ஈரம் படிவது, சுற்றியுள்ள அடைப்பு உடைந்து காற்று உள்ளே புகுந்ததன் விளைவு. அம்மாவின் அறையில் கண்ணாடியின் உட்புறத்தில் தண்ணீர் வடிவது, அறைக் காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த பரப்பில் படிவதால் வருவது. முதலாவதைக் கண்ணாடி மாற்றினால் தீர்க்கலாம். இரண்டாவது புதிய யன்னலால் மட்டும் தீராது.

சட்டங்கள் நேராக இருந்து, பிணைச்சல்களும் பூட்டுகளும் இறுக்கமாக வேலை செய்தால், மங்கிய கண்ணாடித் தொகுதிகளை மட்டும் கழற்றிப் புதியவை போடலாம். அண்மையில் நான் செய்த வேலைகளில் சாதாரண அளவுக் கண்ணாடி ஒன்றுக்கு, பொருத்துகூலியுடன் 100 முதல் 180 பவுண் வரை வாங்கினேன். புதிய தொகுதியில் வெப்பத்தை உள்ளே திருப்பும் மெல்லிய பூச்சும் ஆர்கன் வாயுவும் இருக்கும். 1990களின் கண்ணாடிகள் பெரும்பாலானவற்றில் இவை இல்லை. ஆகவே பழைய சட்டத்திலேயே வெப்ப இழப்பைக் கணிசமாகக் குறைக்க முடியும்.

முழு யன்னலையும் மாற்றுவதாக இருந்தால், நீங்கள் அதிகம் கவனிக்க வேண்டியது பே யன்னல்களையே. உங்கள் காலத்து வீடுகளில் மேல் பேயின் பாரமும் அதன் கூரையின் பாரமும் கீழ் யன்னலின் மரத் தூண்களில் இறங்கியிருக்கும். 1990களில் அவற்றை வெட்டியெடுத்து வெறும் பிளாஸ்டிக் சட்டத்தை நிறுத்திவிட்டுப் போனவர்களின் வேலையை நான் பல தடவை திருத்தியிருக்கிறேன். மேலே சுவரில் வெடிப்பும், திறக்க மறுக்கும் யன்னலும் அதன் அறிகுறிகள். மூலைகளில் பாரம் தாங்கும் உலோகத் தூண்கள் வைப்பது உங்கள் விலைமதிப்பீட்டில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 6,300க்கும் 7,800க்கும் இடையிலுள்ள வேறுபாட்டில் ஒரு பகுதி அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

சான்றிதழ் விடயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். 2002 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் மாற்றப்படும் யன்னல்களுக்கு ஃபென்சா, செர்ட்டாஸ் போன்ற, யன்னல் பொருத்துபவர்களைப் பதிவுசெய்யும் திட்டமொன்றில் பதிவுபெற்றவரின் சான்றிதழோ, கவுன்சிலின் கட்டடக் கட்டுப்பாட்டுப் பிரிவின் ஒப்புதலோ வேண்டும். வீட்டை விற்கும்போது வழக்கறிஞர் அதைக் கேட்பார். கண்ணாடியை மட்டும் மாற்றினால் அந்தச் சான்றிதழ் தேவையில்லை. 2022 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி புதிய யன்னலின் யூ மதிப்பு (வெப்பம் வெளியேறும் வேகத்தின் அளவு; குறைவாக இருந்தால் நல்லது) 1.4ஐத் தாண்டக்கூடாது, அல்லது அது ஆற்றல் தரவரிசையில் பி பிரிவையாவது எட்ட வேண்டும்; அறையின் காற்றோட்டமும் முன்பிருந்ததைவிடக் குறையக்கூடாது. யன்னலின் மேற்சட்டத்தில் வைக்கும் சிறு காற்றுத் துவாரத்தை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். அம்மாவின் அறைக்கு அது அவசியம்.

வெப்பக்கணக்கு எழுதியது:

கட்டணக் குறைப்புப் பற்றிய கேள்விக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்பது யன்னல்களின் பரப்பு 16 சதுர மீற்றர் என்றும், பழைய இரட்டைக் கண்ணாடியின் யூ மதிப்பு 2.8 என்றும், புதியது 1.4 என்றும் வைத்துக்கொள்வோம். லண்டனின் குளிர்காலத்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 பாகை நாட்கள் (வெளியே எவ்வளவு குளிர், எத்தனை நாள் என்பதைச் சேர்த்துச் சொல்லும் அளவு) என்று கொண்டால், மிச்சமாகும் வெப்பம் சுமார் 1,075 கிலோவாற் மணி. கொதிகலனின் திறன் 85 வீதம், எரிவாயு அலகு 7 பென்ஸ் என்றால், ஆண்டுக்கு ஏறக்குறைய 90 பவுண் மிஞ்சும். 7,800 பவுணை அந்த வழியில் மீட்க 80 ஆண்டுகளுக்கு மேல் செல்லும். ஒற்றைக் கண்ணாடி யன்னல்களை மாற்றுபவருக்குக்கூட இதே பரப்பில் ஆண்டுக்கு 215 பவுண் அளவிலேதான் மிஞ்சும். அதனால் வசதிக்காகவும் சத்தம் குறைவதற்காகவும் பாதுகாப்புக்காகவும் மாற்றுங்கள். எரிவாயுக் கட்டணத்தைக் காட்டி விற்பவரின் பேச்சை நம்பி மாற்ற வேண்டாம்.

இன்னொரு விடயம்: வீட்டுக்கான ஆற்றல் சேமிப்புப் பொருட்கள் சிலவற்றுக்கு 2027 மார்ச் வரை வற் வரி பூச்சியமாக இருந்தாலும், யன்னல்கள் அந்தப் பட்டியலில் இல்லை. முழு 20 வீதமும் சேர்த்தே விலைகளை ஒப்பிடுங்கள்.

மிச்சம்அக்கா எழுதியது:

தம்பி, அன்றிரவே கையெழுத்துக் கேட்பவரிடம் தயவுசெய்து கையெழுத்திட வேண்டாம். வீட்டுக்கு வந்து செய்யும் ஒப்பந்தங்களைக் கைவிட 14 நாள் உண்டு என்று பலரும் நம்பியிருக்கிறார்கள். ஆனால் உங்கள் அளவுக்கென்றே செய்யப்படும் பொருட்களுக்கு அந்த உரிமை பொதுவாகப் பொருந்தாது.

நாங்கள் தென் லண்டனின் மிச்சம் (Mitcham) பகுதியில் உள்ள எங்கள் வீட்டில் யன்னல் மாற்றியபோது 2,000 பவுண் முற்பணம் கொடுத்து ஆறு வாரங்களில் அந்த நிறுவனம் மூடப்பட்டுவிட்டது. என் கணவர் முற்பணத்தைக் கடனட்டையில் கட்டியிருந்ததால், 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி வங்கி அதைத் திருப்பித் தந்தது. 100 பவுணுக்கு மேல் 30,000 பவுண் வரை விலையுள்ள பொருளுக்கு, ஒரு பகுதியை மட்டும் அட்டையில் கட்டியிருந்தாலும் அந்தப் பாதுகாப்பு முழு விலைக்கும் உண்டு. அந்தப் பணம் வராமல் போயிருந்தால் அந்தக் குளிர்காலத்தை நாங்கள் எப்படிச் சமாளித்திருப்போமோ தெரியாது. பத்து ஆண்டு உத்தரவாதத்துக்குக் காப்புறுதி இருக்கிறதா என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

அம்மாவின் அறையைப் பற்றி மட்டும் ஒன்று: ஈர உடுப்புகளை அந்த அறையின் ஹீட்டரில் காயப்போடுகிறீர்களா? எங்கள் வீட்டில் அதை நிறுத்தி, குசினியிலும் குளியலறையிலும் காற்றை வெளியேற்றும் விசிறியைச் சரிசெய்த பிறகே பூஞ்சணம் நின்றது.

ஹரோவாசி எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அக்கா கேட்டது சரி. பிள்ளைகளின் பாடசாலை உடுப்புகள் அந்த அறையில்தான் காய்கின்றன. இன்று முதல் அது நிற்கும்.

தச்சன் அண்ணா சொன்னபடி 7,800 பவுண் மதிப்பீட்டை மறுபடி வாசித்தேன். பே யன்னலின் தூண்கள் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மேல் படுக்கையறையின் மூலையில் நாங்கள் பூச்சு வெடிப்பு என்று விட்டிருந்த கோடு ஒன்றும் இருக்கிறது. ஆகவே மங்கிய நான்கு யன்னல்களில் சட்டம் நன்றாக இருக்கும் மூன்றுக்குக் கண்ணாடியை மட்டும் மாற்றுவதாகவும், அம்மாவின் அறைக்குக் காற்றுத் துவாரத்துடன் புதிய யன்னல் போடுவதாகவும், பே யன்னல்களைத் தூண்களுடன் தனியாக விலை கேட்பதாகவும் முடிவுசெய்திருக்கிறோம். அந்த வெடிப்பைப் பார்க்க, யன்னல் விற்காத கட்டடப் பொறியியலாளர் ஒருவரைச் சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். அவர் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.