கரும்பின்னணியில் செங்காந்தள்: சிவப்பின் நுட்பம் கெடாமல் படமெடுப்பதும் திருத்துவதும் எவ்வாறு?

வேலியோரம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஐப்பசி மழைக்குப் பின் எங்கள் தோட்டத்து வேலியில் செங்காந்தள் கொடி படர்ந்து, இப்போது நாள்தோறும் மலர்கள் விரிந்து வருகின்றன. இலை, வேலி, வானம் எதுவும் குறுக்கிடாத கரிய பின்னணியில் ஒரே ஒரு மலரைப் படமெடுத்து, ஏ3 அளவில் அச்சிட்டுச் சட்டமிட விரும்புகிறேன். ஆறு இதழ்களும் மேல்நோக்கி மடிந்து நிற்கும் விதமும், அவற்றின் மஞ்சள் விளிம்பின் நெளிவும், பக்கவாட்டில் விரிந்து நீளும் ஆறு மகரந்தத் தாள்களும் தெளிவாகத் தெரிய வேண்டும்.

என்னிடம் ஏபிஎஸ்-சி சென்சார் கொண்ட கேமரா, 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ், கேமராவிலிருந்து தனியே நிறுத்தி இயக்கக்கூடிய ஒரு ஃபிளாஷ், முக்காலி ஆகியவை உள்ளன. பின்னணிக்குக் கறுப்புச் சார்ட் அட்டையைப் பூவுக்கு ஒரு சாண் தொலைவில் நிறுத்துகிறேன். அட்டை கறுப்பாக இருந்தும் படத்தில் சாம்பல் நிறமாகவே வருகிறது. இதழின் சிவப்புப் பகுதியோ, நேரில் தெரியும் நரம்புகளும் சாயல் மாற்றங்களும் இன்றி ஒரே பூச்சாகப் பதிவாகிறது. ஆயினும் ஹிஸ்டோகிராம் (படத்தின் ஒளிப் பரவலைக் காட்டும் வரைபடம்) வலப்பக்க எல்லையைத் தொடவில்லை. கணினியில் பூவைத் தனியே வெட்டியெடுத்துக் கறுப்பின்மேல் வைத்தால், மகரந்தத் தாள்களைச் சுற்றி மெல்லிய வெளிர்க்கோடு தெரிகிறது. இம்மூன்றையும் எவ்வாறு சரிசெய்வது என்று அறிந்தவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

ஒளிமேடை

வணக்கம். தங்கள் முதல் சிக்கல் தீர்ந்தால் மூன்றாவதும் பெரும்பாலும் தீர்ந்துவிடும் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

பின்னணி கருமையாகப் பதிவாக வேண்டுமானால் அதன் நிறம் கறுப்பாக இருப்பது மட்டும் போதாது; பூவின்மேல் விழும் ஒளியில் மிகச் சிறு பங்கே அதன்மேல் விழ வேண்டும். சார்ட் அட்டையின் வழவழப்பான பரப்பு, பக்கத்திலிருந்து வரும் ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். அதற்குப் பதிலாகக் கறுப்பு வெல்வெட் துணியைத் தொங்கவிடுங்கள். அதன் இழைகளுக்குள் புகுந்த ஒளி பெரும்பாலும் வெளியே வருவதில்லை. அதைவிட முக்கியமானது தொலைவு. சிறிய ஒளிமூலம் ஒன்றிலிருந்து வரும் வெளிச்சம் தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. ஃபிளாஷ் பூவுக்கு அரை மீட்டரிலும் துணி அந்த ஃபிளாஷிலிருந்து இரண்டரை மீட்டரிலும் இருந்தால், தொலைவு ஐந்து மடங்கு என்பதால் துணிக்குக் கிடைக்கும் ஒளி பூவுக்குக் கிடைப்பதில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான். அதாவது நாலரை ஸ்டாப்புக்கும் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இருமடங்காவது அல்லது பாதியாவது) சற்று அதிகமான வேறுபாடு. தாங்கள் அட்டையை ஒரு சாண் தொலைவில் நிறுத்தும்போது இந்த வேறுபாட்டுக்கு இடமே இருப்பதில்லை.

அடுத்து, ஒளியளவைக் கேமராவின் தானியங்கி முறைக்கு விட வேண்டாம். பரப்பில் பெரும்பகுதி கறுப்பாக இருக்கும் காட்சியைக் கண்டால், அதை நடுத்தரச் சாம்பலுக்கு உயர்த்தவே அளவி முயலும். அதனால் பின்னணி வெளிறும், பூவும் அளவுக்கு மீறி ஒளிரும். முழுவதும் கையால் அமையுங்கள். ஐஎஸ்ஓ 100, துளை எஃப்/11, ஷட்டர் வேகம் தங்கள் கேமரா ஃபிளாஷுடன் ஒத்திசையும் உச்ச வேகம் (பெரும்பாலான கேமராக்களில் 1/200 நொடி அளவில் இருக்கும்) என்று வைத்து, ஃபிளாஷை அணைத்துவிட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். நிழலான இடத்திலோ மாலை வேளையிலோ அந்தப் படம் முழுக் கருமையாக வர வேண்டும். அப்படி வந்தால், பிறகு படத்தில் காணும் ஒளி முழுவதும் தாங்கள் கொடுத்த ஒளியே என்று உறுதி கொள்ளலாம். ஃபிளாஷின் ஆற்றலையும் 1/8, 1/16 என்று கையாலேயே மாற்றுங்கள்.

ஃபிளாஷைப் பூவுக்குப் பக்கவாட்டில், சற்றே பின்தள்ளி வைத்து, அதன் முன்னால் ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் ஒரு டிஃப்யூசரை நிறுத்துவதே இம்மலருக்குப் பொருத்தம் என்பது என் கருத்து. காந்தள் இதழ் மெல்லியது. பின்னிருந்து ஊடுருவும் ஒளியில் அதன் மஞ்சள் விளிம்பு தனியே எழுந்து நிற்கும். எதிர்ப்பக்கத்தில் ஒரு தெர்மாகோல் துண்டை வைத்தால் நிழல் பகுதி முற்றிலும் இருண்டுபோகாது. ஃபிளாஷுக்கும் துணிக்கும் இடையே, படத்தின் சட்டகத்துக்கு வெளியே, ஒரு கறுப்பு அட்டையை மறைப்பாகப் பிடிப்பதும் அவசியம்.

மலரைக் கொய்ய வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். துணியைத்தான் கொடிக்குப் பின்னால் கொண்டு செல்ல வேண்டும். பச்சை கலந்த மஞ்சளாகத் தொடங்கி, நாள்கள் செல்லச் செல்ல முழுச் சிவப்பாகும் மலர் இது. கொடியிலேயே இருந்தால் தங்களுக்கு வேண்டிய நிற நிலைக்காகக் காத்திருக்கலாம். கோல்சிசின் என்னும் நஞ்சு கொண்ட செடி என்பதையும், கிழங்கில் மட்டுமன்றி எல்லாப் பகுதிகளிலும் நஞ்சு உண்டு என்பதையும் நினைவில் வைத்து, வேலை முடிந்ததும் கைகளை நன்கு கழுவிவிடுங்கள். குழந்தைகள் இருக்கும் வீடாயின் கூடுதல் கவனம் வேண்டும்.

மூவண்ணம்

சிவப்பு ஒரே பூச்சாக வருவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். செம்பருத்தி, அரளி, காந்தள் என எல்லாச் சிவப்பு மலர்களுக்கும் இது பொதுவான இடர்.

கேமராவில் சாதாரணமாகத் தெரியும் வெண்ணிற ஹிஸ்டோகிராம் ஒளிர்வைக் காட்டுவது. அந்த ஒளிர்வுக் கணக்கில் பச்சைக்கு ஏறத்தாழ 72 விழுக்காடும் சிவப்புக்கு 21 விழுக்காடும் நீலத்துக்கு 7 விழுக்காடும் பங்கு உண்டு. ஆகவே சிவப்பு அலைவரிசை எல்லையைக் கடந்து நிரம்பி வழிந்த பிறகும், மொத்த ஒளிர்வு நடுப்பகுதியிலேயே நிற்கும். மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமை இயக்கி, சிவப்பு வரைபடம் வலப்பக்க எல்லைக்குச் சற்று முன்னரே முடியும்வரை ஒளியைக் குறையுங்கள். ஒரு ஸ்டாப் குறைப்பதே பல நேரங்களில் போதுமானது.

சென்சாரின் தகவலை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாகவே எடுங்கள். ரா கோப்பைத் தேர்ந்திருந்தாலும், கேமராவின் திரையில் தெரியும் ஹிஸ்டோகிராம் அதனுள் பொதிந்திருக்கும் ஜேபெக் படத்திலிருந்து கணிக்கப்படுவதால், படப்பாணியை ‘விவிட்’ என்பதில் வைத்திருந்தால் சிவப்பு உண்மையைவிட மிகையாகத் தெரியும். ‘நியூட்ரல்’ என்பதற்கு மாற்றினால் கிடைக்கும் தகவல் உண்மைக்கு நெருக்கமாக இருக்கும்.

சென்சாரின் அமைப்பையும் கருதுங்கள். வழக்கமான பேயர் அமைப்பில் நான்கு புள்ளிகளில் (பிக்சல்களில்) இரண்டு பச்சைக்கும், ஒன்று சிவப்புக்கும், ஒன்று நீலத்துக்கும் உரியவை. முழுச் சிவப்பான இதழின் நுட்பத்தைப் பெரும்பாலும் அந்தக் கால்பங்குப் புள்ளிகளே தாங்குகின்றன. அவையும் நிரம்பிவிட்டால், எந்த மென்பொருளாலும் உண்மையான நரம்பை மீட்டுத் தர இயலாது. எனவே சிவப்பைக் காப்பாற்றும் வேலை படமெடுக்கும் கணத்திலேயே முடிந்தாக வேண்டும்.

திருத்தும்போது செறிவைக் கூட்டும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். கரும்பின்னணி எந்த நிறத்தையும் கண்ணுக்கு மேலும் செறிவாகக் காட்டும் என்பதால், காந்தளின் சிவப்புக்குக் கூடுதல் செறிவு தேவையே இல்லை. நான் அதைச் சற்றுக் குறைத்தே வைப்பேன். சிவப்பின் ஒளிர்வை மட்டும் தனியே கொஞ்சம் இறக்கினால் நரம்புகள் மேலெழும். மஞ்சள் விளிம்புக்கு வேறொரு கவனம் தேவை: அங்கே சிவப்பும் பச்சையும் உயர்ந்திருக்க, நீலம் சுழியத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், அதனால் நெளிவுகளின் நிழல்கள் மறையும். நிற வரம்பு குறுகிய எஸ்ஆர்ஜிபி வண்ணவெளியில் இது விரைவில் நிகழ்வதால், திருத்தம் முடியும்வரை அகன்ற வண்ணவெளி ஒன்றிலேயே வேலை செய்து, இணையத்துக்கான பிரதியை மட்டும் இறுதியில் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றுங்கள்.

நறுக்கு

மேலே கூறியவை சரியே. ஆயினும் இவ்வளவு ஏற்பாடு இல்லாமலும் செய்யலாம். இன்றைய மென்பொருள்கள் பொருளைத் தாமாகவே தேர்ந்தெடுத்துத் தருகின்றன. பூவைத் தேர்ந்து, விளிம்பை ஓரிரு புள்ளிகள் உள்ளே சுருக்கி, பின்னணியில் முழுக் கறுப்பை நிரப்பினால் வெளிர்க்கோடு மறைந்துவிடும். சில நிமிட வேலைதான்.

இருட்டறை

நறுக்கு அவர்களின் வழி ரோஜாவுக்கோ சாமந்திக்கோ ஒருவேளை பொருந்தலாம். காந்தளுக்குப் பொருந்தாது என்று உறுதியாகச் சொல்வேன். மகரந்தத் தாளின் அகலமே சில புள்ளிகள்தான் இருக்கும்போது, இரு பக்கமும் ஓரிரு புள்ளிகளைச் சுருக்கினால் தாள் நூலாகி, ஆங்காங்கே அறுந்தும் போகும். அடியிலேயே பக்கவாட்டில் வளைந்து நீளும் சூல்தண்டுக்கும் இதே கதிதான்.

வெளிர்க்கோடு ஏன் தோன்றுகிறது என்று பார்த்தால் தீர்வும் விளங்கும். எந்தப் படத்திலும் விளிம்பில் உள்ள புள்ளிகள் முழுவதும் பூவுக்கு உரியவை அல்ல. பூவும் பின்னணியும் அவற்றில் கலந்திருக்கும். சாம்பல் பின்னணியில் எடுத்த பூவை வெட்டிக் கறுப்பின்மேல் வைக்கும்போது, கலந்திருந்த அந்தச் சாம்பலும் பூவுடன் சேர்ந்தே வருகிறது. பின்னணி படத்திலேயே ஏறக்குறையக் கருமையாக இருந்தால், கலப்புப் புள்ளிகளும் இயல்பாகவே கருமையை நோக்கி இறங்கும். அப்போது வெட்டவே தேவையில்லை. ஒளிமேடை அவர்கள் சொன்ன தொலைவுக் கணக்குக்குத் திருத்தும் மேசையில் கிடைக்கும் பயன் இதுவே.

அவ்வாறு எடுத்த படத்தில் மீந்திருக்கும் மங்கலை நீக்க, ஒளிச்சாயலை வளைகோட்டால் மாற்றும் கர்வ்ஸ் கருவியில் இடப்பக்க அடிமூலைப் புள்ளியை மட்டும் மெல்ல வலப்பக்கம் நகர்த்துங்கள்; நடுப்பகுதியை ஒரு புள்ளியால் கட்டி நிறுத்துங்கள். துணியில் எங்கேனும் தூசியோ மடிப்போ தெரிந்தால், கிம்ப் மென்பொருளில் ‘பர்ன்’ கருவியை நிழல் பகுதிக்கு மட்டும் என்று அமைத்து, பெரிய மென்மையான பிரஷால் தடவினால் இருண்ட பகுதிகள் மட்டும் மேலும் இருளும். அருகில் உள்ள இதழ் பெரிதும் மாறாது. இந்த வேலை முழுவதையும் பட அடுக்கான லேயரின் நகல் ஒன்றில் செய்து, பகுதிகளை மறைக்க உதவும் மாஸ்க் இட்டு, பூவின்மேல் சிறிதளவேனும் படிந்ததை அழித்துவிடுங்கள். படத்தைக் கூர்மையாக்கும் படியைக் கடைசிக்கு ஒத்திவையுங்கள். முன்னரே கூர்மையாக்கினால் அதுவும் விளிம்பில் வெளிர்க்கோட்டை உண்டாக்கும்.

முழுக் கறுப்பை நிரப்புவதையும் நான் ஏற்கவில்லை. 0 முதல் 255 வரையிலான அளவில் பின்னணியை 0 ஆக்காமல், 8 முதல் 12 வரை நிறுத்துவதே என் வழக்கம். பூவின் நிழல்பக்கம் தேய்ந்து சென்று கலப்பதற்கு ஒரு தளம் அப்போது கிடைக்கிறது. 0 என்று வைத்தால் பூ ஒட்டுப்படமாகத் தோன்றுகிறது. ஆனால் இருளில் மெல்ல மாறும் சாயல்கள், நிறத்துக்கு 256 படிகளே கொண்ட 8 பிட் கோப்பில் பட்டை பட்டையாகப் பிரிந்து தெரியும் அபாயம் உண்டு. 16 பிட் டிஃப் கோப்பாக வைத்துத் திருத்தி (கிம்ப் 2.10 பதிப்பிலிருந்து இது இயலும்), இறுதியில் 8 பிட்டுக்கு மாற்றும் முன் கண்ணுக்குத் தெரியாத அளவு மணல்போன்ற நுண்புள்ளிகளை (நாய்ஸ்) மென்பொருளில் சேர்த்தால் பட்டைகள் உடைந்துவிடும்.

கறுப்பின்மேல் பூவை நிறுத்தும் கலை ஒளிப்படக் கலையைவிட மூத்தது. 1700இல் பிறந்த மேரி டெலனி என்னும் ஆங்கிலப் பெண்மணி, தமது எழுபதுகளில் தொடங்கி, வண்ணத் தாள்களை நுணுக்கமாகக் கத்தரித்துக் கறுப்பு வண்ணம் பூசிய தாளின்மேல் ஒட்டி, ஏறத்தாழ ஆயிரம் மலர்ச்சித்திரங்களை உருவாக்கினார். அவை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஒரே இதழுக்குப் பல சாயல் தாள்களை அடுக்கி ஒட்டியதால், கத்தரித்து ஒட்டிய பின்னும் அவருடைய மலர்களில் பருமன் தெரிகிறது. விளிம்பை நோக்கிச் சாயல் படிப்படியாக மாறுவதால்தான் அந்தப் பருமன் கிடைக்கிறது. தானியங்கித் தேர்வில் நாம் முதலில் இழப்பதும் அதைத்தான்.

வேலியோரம்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. வெல்வெட் துணியை இரண்டு மீட்டர் பின்னே தொங்கவிட்டு, சிவப்பு வரைபடத்தைப் பார்த்து ஒளியைக் குறைத்து எடுத்ததில், இதழ் நரம்புகள் முதன்முறையாகத் தெரிகின்றன. இரண்டு ஐயங்கள் மட்டும் எஞ்சியுள்ளன. முன்னே நீளும் மகரந்தப்பை தெளிவாக இருந்தால் பின்னிதழ் மங்குகிறது; துளையை எஃப்/22க்குச் சுருக்கலாமா? மேலும், அச்சிடுவதற்கு எந்தத் தாள் ஏற்றது?

ஒளிமேடை

எஃப்/22 வேண்டாம். நெருங்கி எடுக்கும்போது துளையின் பயனுறு அளவு மேலும் சுருங்குவதால், ஒளி விளிம்பு வளைவு (சிறு துளையைக் கடக்கும் ஒளி பரவுவது) படம் முழுவதையும் மென்மையாக்கிவிடும். தங்கள் சென்சாரில் முழு மலரும் அடங்கும் தொலைவில், எஃப்/11இல் தெளிவாக நிற்கும் ஆழம் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் வரைதான். ஆகவே துளையை அப்படியே வைத்து, குவியத்தை முன்னிருந்து பின்னாகச் சிறிது சிறிதாக நகர்த்தி எட்டுப் பத்துப் படங்கள் எடுத்து, அவற்றை ஒன்றாக அடுக்குங்கள். ஹூகின் மென்பொருள் தொகுப்புடன் வரும் சீரமைப்புக் கருவியும், படங்களை ஒன்றாக இணைக்கும் என்ஃபியூஸும் இதற்குப் போதுமானவை, இரண்டும் இலவசம். ஃபிளாஷ் முழு ஆற்றலுக்குத் திரும்பும்வரை ஒவ்வொரு படத்துக்கும் இடையே பொறுத்திருங்கள். காற்று அசைத்தால் அடுக்கில் மகரந்தத் தாள்கள் இரட்டையாகத் தெரியும் என்பதால், காற்று அடங்கிய விடியற்காலையில், கொடியின் தண்டை ஒரு குச்சியோடு தளர்வாகக் கட்டிவிட்டு எடுப்பது நல்லது.

இருட்டறை

தாளைப் பொறுத்தவரை, பளபளப்பான அல்லது அரைப்பளபளப்பான தாளே ஆழ்ந்த கறுப்பைத் தரும். பளபளப்பற்ற மேட் தாளில் மை உறிஞ்சப்பட்டு, கறுப்பு அடர்சாம்பலாக நின்றுவிடும்; அதில் அச்சிடுவதாயின் நிழல் பகுதியைச் சற்று உயர்த்தித் திருத்த வேண்டும். கரிய படத்துக்குமேல் சாதாரணக் கண்ணாடியிட்டால், எதிரே உள்ள சன்னலும் விளக்கும் பூவின்மேலேயே தெரியும். எனவே எதிரொளி தடுக்கும் கண்ணாடியையே சட்டக்காரரிடம் கேளுங்கள். ஏ3 படத்தை அனுப்பும் முன், 0, 4, 8, 12, 16, 20 என்னும் அளவுகளில் ஆறு கட்டங்களை வரைந்து, அதே அச்சகத்தில், அதே தாளில் ஒரு சிறு துண்டாக அச்சிட்டு வாங்குங்கள். எந்தக் கட்டத்தில் கறுப்பிலிருந்து முதல் வேறுபாடு கண்ணுக்குத் தெரிகிறதோ, அந்த அளவுக்கு மேலாகப் பூவின் நிழல்பக்கத்தையும், அதற்குச் சற்றுக் கீழாகப் பின்னணியையும் அமைத்துவிட்டு முழுப்படத்தை அச்சுக்குக் கொடுங்கள்.