மறு: எட்சிங்: அரிப்பா, பொறிப்பா, பதமாக்கலா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

பல்மருத்துவ மாணவர்களுக்கான நூலில் பல்லுறை ஒட்டுதல் பற்றிய இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும் என்பதால், அதில் வரும் 'எட்சிங்' (ஒட்டுவதற்கு முன் அமிலம் தடவிப் பரப்பைத் தயார்செய்தல்) என்பதற்குத் தமிழ்ச்சொல்லாக வந்துள்ள பரிந்துரைகளைப் பற்றி என் கருத்தை எழுதுகிறேன்.

> அரித்தல் என்றே எழுதலாம். அரிவாளும் அந்த வேரில் பிறந்ததே.

வேராராய்ச்சியோடு எனக்குப் பிணக்கில்லை. ஆனால் புளித்த பானங்களால் பல் கரைந்து தேய்வதை இதே நூலின் முந்தைய இயல் 'அமில அரிப்பு' என்கிறது. பல்லுக்கு நேரும் கெடுதலுக்கும் அதைச் சீர்செய்யும் முறைக்கும் ஒரே சொல்லை வைத்தால், படிக்கிற மாணவர் எதை எடுத்துக்கொள்வார்?

> பொறித்தல் நல்ல தமிழ். கல்வெட்டுக் காலத்திலிருந்து வழங்குவது.

பல்லின் கடினமான மேலடுக்கான எனாமலுக்கு இது ஓரளவு பொருந்துகிறது. 1955இல் மைக்கேல் புவனோகோர் என்ற பல்மருத்துவ ஆய்வாளர் 85 விழுக்காட்டுப் பாஸ்பாரிக் அமிலத்தை 30 நொடி தடவினார். இன்று சுமார் 37 விழுக்காட்டுக் கூழை 15 முதல் 30 நொடி வைக்கிறார்கள். அமிலம் கனிமத்தைச் சீரற்றுக் கரைப்பதால் உண்டாகும் நுண்குழிகளில் ஒட்டுப்பொருளான ரெசின் புகுந்து இறுகிக் கவ்விக்கொள்கிறது. கழுவி உலர்த்தியதும் அவ்விடம் பளபளப்பு இழந்து, சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துத் தெரியும்.

எனாமலுக்கு அடியிலுள்ள டென்டினில் நடப்பது வேறு. பல்லை அரைக்கும்போது படியும் துகள்படலத்தை நீக்கி, கனிமத்தைக் கரைத்து, கொலாஜன் என்ற புரத இழைகளை அமிலம் வெளிக்கொணர்கிறது. அந்த இழைவலைக்குள் ரெசின் ஊடுருவினால்தான் ஒட்டு நிலைக்கும். காற்றடித்து வறட்டிவிட்டால் இழைகள் படுத்துப்போய் ரெசினுக்கு வழி அடைபடும். நீர் தேங்கினாலும் ஒட்டு வலுவிழக்கும். இங்கே பொறிப்பதற்கு ஒன்றுமில்லை, வேண்டியது பதம். 'ஈரப்பதம்' என்று நாம் நாள்தோறும் சொல்வதும் அந்தச் சொல்லைத்தானே.

ஆகவே பொதுச்சொல்லாகப் 'பதமாக்கல்', எட்சிங்குக்கு 'அமிலப் பதமாக்கல்' என்பது என் முன்மொழிவு. பல்லுறையின் உட்பரப்புக்கும் இது செல்லும். லித்தியம் டைசிலிக்கேட் என்ற கண்ணாடிப் பீங்கான் உறையை ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தால் பதமாக்கி, ரெசினோடு பிணைக்கும் சிலேன் பூசுகிறார்கள். கண்ணாடிக்கூறு இல்லாத சிர்கோனியாப் பீங்கானிடம் அந்த அமிலம் பலிக்காது. அதன்மேல் அலுமினாத் துகளை வீசுவதைத் 'துகள் பதமாக்கல்' எனலாம்.

'பதப்படுத்துதல்' தோலையும் ஊறுகாயையும் நினைவூட்டும் என்ற மறுப்பு நியாயமானது. அதனால்தான் 'படுத்தல்' தவிர்த்து 'ஆக்கல்' இட்டேன். ரெசினைப் 'பிசின்' ஆக்கவேண்டும் என்பதில் மட்டும் உடன்பட இயலவில்லை. மரத்தில் வடிவதையே அச்சொல் முதலில் உணர்த்துகிறது; பயிற்சியறையில் மாணவர் கேட்கப்போவதும் ரெசின்தான்.

இதுவரை எழுதியவர்களில் பெரும்பாலோர் 'பதமாக்கல்' பக்கம் சாய்ந்துள்ளனர். பொறிப்பை முன்மொழிந்த ஐயா இன்னும் இசையவில்லை. எனாமலைப் பொறுத்தவரை அவர் வாதம் வலுவானது என்பதால், கலைச்சொல் பட்டியலில் 'பொறிப்பு' என்பதையும் மாற்றுச்சொல்லாகச் சேர்க்க வேண்டுகிறேன். மறுப்பிருந்தால் வியாழன் மாலைக்குள் எழுதுங்கள்.