‘சமூக மூலதனம்’ பொருந்துமா? ‘பிணைப்பு மூலதனம்’ என்றொரு பரிந்துரை

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

மக்கள் ஒருவரையொருவர் நம்பிக் கூடிப் பழகுவதையே பணம்போல் பயன்தரும் வளமாகக் காண்பது ‘சோஷியல் கேப்பிட்டல்’ என்ற கருத்து. அதற்குச் ‘சமூக மூலதனம்’ என்ற சொல் ஏற்கெனவே புழங்குவதால் அதை மாற்ற வேண்டியதில்லை என்று நேற்றைய மடலில் ஒரு நண்பர் எழுதியிருந்தார். புழக்கத்தில் உள்ள சொல்லைக் கலைக்கக் கூடாது என்பதே பொதுவாக என் நிலைப்பாடும். ஆயினும் இச்சொல் எனக்கு நெருடுகிறது. எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள திருமண மண்டபத்தின் பலகையில், ஒரு சாதிப் பெயரை அடுத்து ‘சமூகத்திற்குப் பாத்தியப்பட்டது’ என்று எழுதியிருக்கிறது. ‘நம் சமூகம்’ என்று ஒருவர் சொன்னால் கேட்பவர் பெரும்பாலும் சாதி என்றே விளங்கிக்கொள்கிறார். ‘சமூக மூலதனம்’ என்பதை ஒரு சாதியாரின் கைம்முதல் என்று மாணவர் எடுத்துக்கொண்டால், பிழை சொல்லாக்கியவர்களுடையதே.

மற்றொருவர் முன்வைத்த ‘உறவு மூலதனம்’ கருத்தையே தலைகீழாக்கிவிடும். இத்தாலியில் 1970-இல் அமைந்த மண்டல அரசுகளை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆராய்ந்து 1993-இல் நூலாக்கிய அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் பட்னம், வடக்கே நிர்வாகம் சிறந்ததற்குப் பாடகர் குழுக்களிலும் கால்பந்துக் கழகங்களிலும் உறவினரல்லாதோர் சமமாகக் கூடிப் பழகிய மரபைக் காரணமாகக் காட்டினார். குடும்பத்துக்கு வெளியே எவரோடும் ஒன்றுசேர இயலாமையே தென் இத்தாலியச் சிற்றூர் ஒன்றின் பின்தங்கலுக்குக் காரணம் என்று மற்றோர் அமெரிக்க அரசியல் அறிஞரான எட்வர்ட் பான்ஃபீல்ட் 1958-இலேயே எழுதியிருந்தார். (நிலவுடைமையையும் அரசின் செயலையும் விட்டுவிட்டுப் பண்பாட்டின்மேல் பழி போடும் இவ்வாதம் முழுமையானதன்று என்றே நான் கருதுகிறேன்.) எப்படியாயினும், உறவுக்கு அப்பால் விரியும் நம்பிக்கையைக் குறிக்க உறவு என்ற சொல்லையே கையாள்வது தகாது.

நான் பரிந்துரைப்பது ‘பிணைப்பு மூலதனம்’. பிணைப்பு என்பது கட்டு. பிணை என்பது கடனுக்கு இன்னொருவர் ஏற்கும் பொறுப்பு. ஒருவரோடு ஒருவர் கட்டுண்டிருப்பதே ஈடாக நின்று பொருளாகப் பயன்படுகிறது என்ற இக்கோட்பாட்டின் கருவை இந்த ஒரே வேர் தாங்குகிறது.

இச்சொல்லைப் பர்மாவில் வட்டித்தொழில் நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தாரின் (செட்டியார்களின்) வரலாற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அவர்களுடைய வட்டிக்கடைகள் ஒன்றுக்கொன்று ஈடு கேளாமல் பணம் கொடுத்து வாங்கின. உண்டியல் (வேறோர் ஊரில் பணம் கொடுக்கச் சொல்லும் சீட்டு) எழுதினால் கடல் கடந்தும் செல்லுபடியானது. நடப்பு வட்டியை ரங்கூன் கோயிலில் கூடி முடிவு செய்தார்கள். வாக்குத் தவறியவருக்குக் கடனோடு கோயில் மரியாதையும் மகளுக்கு வரனும் கைநழுவும் என்பதால், வழக்குமன்றம் செய்ய வேண்டிய வேலையைப் பண்பாடே செய்தது. ஆனால் கடன் வாங்கிய பர்மிய உழவர் இந்தக் கட்டுக்கு வெளியே நின்றார். அவரிடம் நிலமே ஈடாகக் கேட்கப்பட்டது. 1930-ஐ ஒட்டி நெல் விலை சரிந்தபோது கடனுக்கு நிலம் கைமாறியது. கீழ்ப்பர்மாவின் 13 முதன்மை நெல் மாவட்டங்களில் 1930-இல் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலவுடைமை 1938-இல் 25 விழுக்காடாயிற்று. அவர்கள் நிலம் தேடிப் போனவர்கள் அல்லர். பணம் நிலத்தில் முடங்கியது அவர்களுக்கும் இழப்பே.

இங்கே நமக்கு இரண்டு துணைச்சொற்கள் தேவைப்படுகின்றன. குழுவுக்குள் இறுகும் கட்டு ‘உட்பிணைப்பு’, குழுக்களுக்கு நடுவே அமையும் கட்டு ‘இடைப்பிணைப்பு’. ரங்கூனில் முதலாவது வலுத்திருந்தது, இரண்டாவது ஏறக்குறைய இல்லை. ‘சமூக’ என்ற அடையிலிருந்து இப்படி இரண்டு சொற்களை எளிதில் கிளைக்கவைக்க முடியாது.

மூலதனத்தை ‘முதல்’ என்று சுருக்கலாமா என்றும் எண்ணினேன். ‘பிணைப்பு முதல்’ என்று எழுதினால் ‘காலை முதல்’ என்பதுபோல ஒலிக்கிறது; எனவே விட்டுவிட்டேன்.

ஓர் ஐயம் எஞ்சியிருக்கிறது. தமிழ்நாட்டில் ஜாமீன் என்பதை இலங்கையில் பிணை என்றே நாளிதழ்கள் எழுதுகின்றன. அங்குள்ள வாசகருக்குப் ‘பிணைப்பு மூலதனம்’ நீதிமன்றத்தில் கட்டும் தொகையை நினைவூட்டுமா என்பதை யாழ்ப்பாணத்து நண்பர்கள் தெரிவித்தால், அதன்பின் அகராதிப் பதிவை எழுதுகிறேன்.