ஆட்டோமேட்டிக் வாட்ச் இரவில் நின்றுவிடுகிறது, உதவுங்கள்
நண்பர்களே, கை அசைவிலேயே தானாகச் சாவி ஏறும் என் ஆட்டோமேட்டிக் வாட்சை நாள் முழுக்கக் கட்டியிருந்தாலும், இரவு கழற்றி வைத்தால் விடிவதற்குள் நின்றுவிடுகிறது. ஆனால் திருகைச் சுற்றிக் கையால் முழுச் சாவி கொடுத்தால் 40 மணி நேரம் சரியாக ஓடுகிறது. அப்படியானால் வாட்சை ஓட்டும் சுருள்வில்லான மெயின்ஸ்பிரிங் நன்றாகத்தான் இருக்கிறது. கை அசைவில் சுழலும் எடைத் தகடான ரோட்டரின் சுழற்சியை ஸ்பிரிங்குக்குக் கடத்தும் ரிவர்சிங் சக்கரங்களில் எண்ணெய் காய்ந்திருக்குமோ என்று சந்தேகம். பின்மூடி கண்ணாடி, ரோட்டர் தடையின்றிச் சுழல்வது தெரிகிறது. நாற்காலியில் உட்கார்ந்தே வேலை, கை அதிகம் அசையாது. அது மட்டுமே காரணமாகுமா?

அப்புறம், தினமும் கையால் சாவி கொடுக்கலாமா? முழுதாக இறுகியதும் ஸ்பிரிங்கின் வெளிமுனை, அது அடங்கியிருக்கும் உருளையின் சுவரில் வழுக்கிவிடும், அதனால் ஸ்பிரிங் அறுந்துவிடுமென்ற பயமில்லை. பல்சக்கரங்கள் தேயுமோ என்பதுதான் கவலை. திறந்து சரிசெய்த அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.